கப்பலுடையார் ஒருவரின் கைம்முதல்

ஸ்பெயின் நாட்டின் பெருந்துறைமுகமாகிய பார்சலோனாவில், கடலை அடுத்த சதுக்கம் ஒன்றில், 1884-ஆம் ஆண்டில் ஒரு கப்பல் வணிகருக்குச் சிலை எடுத்தார்கள். 1936-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அந்தச் சிலையை வீழ்த்தினார்கள். போர் முடிந்து ஆட்சி மாறியபின், 1944-ஆம் ஆண்டில் அதே பீடத்தின்மேல் அதே மனிதருக்குப் புதிய சிலை செய்து நிறுத்தினார்கள். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ஆம் நாள், அந்த நகரத்தின் ஆட்சி மன்றமே முன்னின்று, மக்கள் திரண்டு பார்த்திருக்க, பாரந்தூக்கியைக் கொண்டு சிலையை மீண்டும் இறக்கிவிட்டது. இருமுறை ஏற்றப்பட்டு, இருமுறை இறக்கப்பட்ட அந்த மனிதர் யார்? அவர் பெயர் அந்தோனியோ லோப்பெஸ் இ லோப்பெஸ். கோமில்யாஸ் பிரபு என்பது அவர் பெற்ற பட்டம்.

இவரைப் பற்றி நான் முதன்முதலில் பேசியது ஒரு கல்லூரி மாணவர் மன்றத்தில். வறுமையில் பிறந்து உழைப்பால் உயர்ந்தவர்கள் என்பது அன்றைய பொருள். ஏழைச் சிறுவன் கடல் கடந்தான், கடை வைத்தான், கப்பல் வாங்கினான், வங்கி நிறுவினான், பிரபு ஆனான் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். கை தட்டினார்கள். எல்லாம் முடிந்தபின், கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, கப்பல் வாங்க முதல் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டான். அவன் குறும்பாகக் கேட்கவில்லை. கணக்குத் தெரிந்தவன் கேட்கும் கேள்வியாகத்தான் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. “உழைப்பிலிருந்து வந்தது” என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு நடந்து வந்தது. அதற்கு விடை தேடிய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஸ்பெயினின் வடகரையில், கந்தாபிரியக் கடலைப் பார்த்தபடி, கோமில்யாஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1817-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 12-ஆம் நாள் லோப்பெஸ் அங்கே எளிய குடும்பத்தில் பிறந்தார். மலையும் கடலும் நெருக்கும் அந்தப் பகுதியில் நிலம் குறைவு. பிழைக்க வழி தேடி இளைஞர்கள் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறுவது வழக்கம். பொருளீட்டித் திரும்பி வந்து, பெரிய வீடு கட்டி, முற்றத்தில் ஒரு பனைமரம் வைப்பவர்களை ‘இந்தியானோ’ என்று ஊரார் அழைப்பார்கள். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மீண்டவர் என்பது அதன் கருத்து. நம் நாட்டோடு அந்தப் பெயருக்குத் தொடர்பில்லை. லோப்பெஸும் இளமையிலேயே கியூபாத் தீவுக்குச் சென்று, அதன் கிழக்குக் கோடியிலுள்ள சாந்தியாகோ நகரத்தில் வாணிகம் தொடங்கினார். அவருடைய உடன்பிறந்தார் கிளாவுதியோவும் அங்கே அவரோடு சேர்ந்து தொழில் செய்தார்.

அக்காலத்துக் கியூபாவை நீங்கள் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். தென் அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பெயினுக்கு இருந்த நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுவிட்டன. மேற்கில் எஞ்சியவை கியூபாவும் புவெர்த்தோ ரிக்கோவும். கிழக்கே பிலிப்பைன் தீவுகள். கியூபாவோ சர்க்கரையால் செழித்துக்கொண்டிருந்தது. உலகம் உண்ணும் சர்க்கரையில் பெரும்பங்கு அங்கே விளைந்தது. கரும்பை வெட்டியவர்களும், ஆலையில் பிழிந்தவர்களும், கொப்பரையில் காய்ச்சியவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். இங்கே ஓர் ஒற்றுமையைக் குறிப்பிட வேண்டும். லோப்பெஸ் பிறந்த அதே 1817-ஆம் ஆண்டில்தான், ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தை நிறுத்திவிடுவதாக ஸ்பெயின் பிரிட்டனோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதற்கு ஈடாகப் பிரிட்டன் 4 இலட்சம் பவுன் கொடுத்தது. 1820-ஆம் ஆண்டுமுதல் ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவரையும் அடிமையாகக் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். பணம் வாங்கப்பட்டது, சட்டம் காற்றில் விடப்பட்டது. தடை விதிக்கப்பட்ட பின்னர் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் கியூபாவில் இறக்கப்பட்டனர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர். இரவில், ஆளில்லாத கடற்கரைகளில், அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டிருக்க, இந்த வாணிகம் நடந்தது.

லோப்பெஸ் 1848-ஆம் ஆண்டில் லூயிசா புரு என்னும் பெண்ணை மணந்தார். அவளுடைய தந்தை கியூபாவில் பொருளீட்டித் தாய்நாடு திரும்பிய காதலோனிய வணிகர். 1850-ஆம் ஆண்டை ஒட்டி, பாத்திரிசியோ சாத்ரூஸ்தேகி என்னும் நண்பரைக் கூட்டாளியாகக் கொண்டு, ‘ஜெனரல் ஆர்மேரோ’ என்னும் நீராவிக் கப்பலைச் சாந்தியாகோவுக்கும் குவாந்தானமோவுக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார் லோப்பெஸ். அக்கரை இக்கரை என்று சுற்றும் சிறிய வழிதான். ஆனால் அவருடைய கப்பல் தொழிலுக்கு அதுவே வித்து.

ஐம்பதுகளில் அவர் ஸ்பெயினுக்குத் திரும்பினார். கூட்டாளியும் உடன் வந்தார். 1857-ஆம் ஆண்டில் ‘அந்தோனியோ லோப்பெஸ் கம்பெனி’ தோன்றியது. தொழில் தொடங்க அவர்கள் தேர்ந்தெடுத்த துறைமுகம் அலிக்காந்தே. பெரிய துறைமுகங்கள் பல இருக்க, அலிக்காந்தே எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் அவருடைய வணிகக் கண் தெரிகிறது. தலைநகர் மாத்ரித்திலிருந்து அலிக்காந்தேவுக்கு இருப்புப்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1858-ஆம் ஆண்டில் அது முடிந்தது. தலைநகரை மத்தியதரைக் கடலோடு இணைத்த முதல் இருப்புப்பாதை அதுவே. பிரான்சின் மார்சேய் துறைமுகத்திலிருந்து வரும் சரக்கு அலிக்காந்தேயில் கப்பலிலிருந்து இறங்கி வண்டியில் ஏறினால், மாத்ரித் அடைவது எளிது. மாட்டுவண்டியும் கோவேறு கழுதையும் மலைப்பாதைகளில் நாட்கணக்கில் சுமந்த சரக்கை இனி இரயில் சுமக்கும். இருப்புப்பாதை கடலைத் தொடும் இடத்தில் முன்னமே போய்க் கப்பலோடு காத்திருந்தவர் லோப்பெஸ்.

அடுத்த வாய்ப்பைப் போர் கொடுத்தது. 1859-ஆம் ஆண்டில் ஸ்பெயின் மொரோக்கோவோடு போர் தொடுத்தது. படைகளையும் உணவையும் நீரிணைக்கு அப்பால் கொண்டுசெல்ல அரசுக்குக் கப்பல் வேண்டியிருந்தது. லோப்பெஸின் கப்பல்கள் வாடகைக்குப் போயின. அரசாங்கம் என்பது எத்தகைய வாடிக்கையாளர் என்பதை அவர் அப்போது நன்கு உணர்ந்திருக்க வேண்டும். பிறகு அவருடைய வாழ்வில் பெருந்திருப்பமாக அமைந்த அனைத்தும் அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களே.

அவற்றுள் தலையாயது 1861-ஆம் ஆண்டில் கிடைத்த அஞ்சல் ஒப்பந்தம். ஸ்பெயினுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இடையே அரசாங்கத் தபாலைக் கொண்டுசெல்லும் உரிமை அது. ‘கடிதங்களைச் சுமப்பதில் என்ன பெரிய இலாபம்?’ என்று தோன்றும். அதைச் சற்று விளக்குகிறேன். அக்காலத்து நீராவிக் கப்பல் நிலக்கரியை ஏராளமாகத் தின்றது. பெருங்கடலைக் கடக்க வேண்டுமானால் கப்பலின் வயிற்றில் பெரும்பகுதி நிலக்கரிக்கே போய்விடும். சரக்குக்கு மிஞ்சும் இடம் சிறிது. காற்றை நம்பிய பாய்க்கப்பலுக்கோ எரிபொருள் செலவு இல்லை. ஆகவே வெறும் சரக்குக் கூலியை நம்பி அட்லாந்திக்கில் நீராவிக் கப்பல் விட்டவர் பலர் நொடித்துப்போனார்கள். ஆனால் அரசுக்கு வேண்டியது குறித்த நாளில் புறப்பட்டுக் குறித்த நாளில் சேரும் கப்பல். ஆளுநருக்கு ஆணை போக வேண்டும். அங்கிருந்து வரிப்பணமும் செய்தியும் வரவேண்டும். அதற்காக ஒவ்வொரு பயணத்துக்கும் இவ்வளவு தொகை என்று கருவூலம் மானியம் அளித்தது. கப்பல் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் அந்தப் பணம் வரும். அதன்மேல் பயணிகள் தரும் கட்டணமும் சரக்குக் கூலியும் தனி. பிரிட்டனிலும் பிரான்சிலும் பெரிய கப்பல் கம்பெனிகள் வளர்ந்ததும் இந்த முறையால்தான். ஸ்பெயினில் அந்த வழியை உறுதியாகப் பற்றிக்கொண்டவர் லோப்பெஸ்.

அவர் திறமையற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. கப்பல்களைச் ஸ்காத்லாந்தின் தேர்ந்த கட்டுமானக்காரர்களிடம் கட்டுவித்தார். அவற்றைப் பழுதுபார்க்க வெளிநாட்டை நம்பியிருக்கலாகாது என்று காதிஸ் வளைகுடாவில் மாத்தகோர்தா என்னும் இடத்தில் பெரிய உலர்துறை ஒன்றைக் கட்டினார். அது 1878-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கடல் வற்றும்போதும் ஏறும்போதும் கதவைத் திறந்து மூடி, கப்பலை உள்ளே விட்டு நீரை இறைத்து வெளியேற்றி, அடிப்பாகத்தைச் செப்பனிடும் அமைப்பு அது. அந்த உலர்துறை இன்று அருங்காட்சியகமாகப் போற்றப்படுகிறது.

1868-ஆம் ஆண்டு அக்டோபரில் கியூபாவில் விடுதலைப் போர் மூண்டது. கார்லோஸ் மானுவேல் தெ செஸ்பெதெஸ் என்னும் தோட்ட முதலாளி தம் அடிமைகளை விடுவித்து, அவர்களோடு சேர்ந்து ஸ்பெயினை எதிர்த்துக் கிளம்பினார். அந்தப் போர் பத்தாண்டுகள் நீடித்தது. அப்போரை நடத்த ஸ்பெயினிலிருந்து படைவீரர்கள் கடல் கடக்க வேண்டும். அவர்களைச் சுமந்தவை லோப்பெஸின் கப்பல்கள். பணம் கட்டினால் கட்டாயப் படைச்சேவையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்னும் விதி அக்காலத்தில் இருந்ததால், கப்பலேறியவர் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். குண்டுபட்டு இறந்தவரைவிட மஞ்சள் காய்ச்சல் போன்ற நோய்களால் இறந்தவர் மிகுதி. போர் நீள நீளக் கருவூலம் வற்றியது. 1876-ஆம் ஆண்டில் லோப்பெஸைத் தலைவராகக் கொண்டு ‘பாங்கோ இஸ்பானோ கொலோனியால்’ என்னும் வங்கி பார்சலோனாவில் தோன்றியது. அது போர்ச்செலவுக்காக அரசுக்குக் கடன் கொடுத்தது. கடனுக்கு ஈடு, கியூபாவின் சுங்க வருமானம். வீரரை ஏற்றிச் சென்ற கப்பலுக்குக் கூலி. அந்தக் கூலியைக் கொடுக்க அரசு வாங்கிய கடனுக்கு வட்டி. அந்த வட்டியைக் கொடுப்பது கியூபாத் துறைமுகங்களின் சுங்கம். இந்தச் சுழற்சியை நீங்கள் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே வீட்டு வாசலில் வந்து முடியும்.

1878-ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தது. அதே ஆண்டில் பன்னிரண்டாம் அல்ஃபோன்ஸோ மன்னர் லோப்பெஸுக்குக் கோமில்யாஸ் பிரபு என்னும் பட்டத்தை அளித்தார். 1881-ஆம் ஆண்டு அவருடைய வாழ்வின் உச்சி. அந்த ஆண்டில் அவருடைய கப்பல் கம்பெனி ‘கம்பெனியா திராஸத்லாந்திகா’ என்னும் பெரும் பங்குக் கம்பெனியாக மாறியது. அதே ஆண்டு நவம்பரில் பிலிப்பைன் புகையிலைக் கம்பெனியும் நிறுவப்பட்டது. அதே ஆண்டு கோடையில் மன்னர் குடும்பத்தோடு கோமில்யாஸுக்கு வந்து தங்கினார். அமைச்சரவைக் கூட்டமே அந்தச் சிற்றூரில் நடைபெற்றது. ஏழைச் சிறுவன் விட்டுப் புறப்பட்ட ஊரில் ஒரு பேரரசின் அமைச்சர்கள் அமர்ந்து ஆலோசித்தார்கள்.

கலையும் அவரைச் சுற்றி வளர்ந்தது. காதலோனிய மொழியின் பெருங்கவிஞரும் குருவுமான ஜாசின் வெர்தகேர் உடல்நலம் குன்றியிருந்தபோது, லோப்பெஸின் கப்பல்களில் வழிபாட்டுக் குருவாகப் பணி ஏற்று அட்லாந்திக்கைப் பன்முறை கடந்தார். கடலில் மூழ்கிய கண்டம் ஒன்றைப் பாடும் ‘லத்லாந்திதா’ என்னும் தம் காப்பியத்தை அந்தப் பயணங்களில்தான் அவர் நிறைவு செய்தார். 1877-ஆம் ஆண்டில் பரிசு பெற்ற அந்நூல் லோப்பெஸுக்கே காணிக்கை ஆக்கப்பட்டது. லோப்பெஸின் மகள் இசபெல் மணந்த எயுசேபி குவெல் என்பவர்தாம், கட்டடக் கலைஞர் கௌதியைப் பல்லாண்டு ஆதரித்த வள்ளல். இன்று பார்சலோனாவுக்குச் செல்லும் பயணிகள் வியந்து பார்க்கும் கட்டடங்கள் சிலவற்றுக்குப் பின்னே இந்தக் குடும்ப உறவு இருக்கிறது.

1883-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் லோப்பெஸ் பார்சலோனாவில் காலமானார். மறு ஆண்டே சிலை எழுந்தது. சிலை எழுந்த மறு ஆண்டில், அதாவது 1885-ஆம் ஆண்டில், ஒரு சிறுநூல் வெளிவந்தது. ‘அந்தோனியோ லோப்பெஸின் உண்மை வாழ்க்கை’ என்பது அதன் தலைப்பு. எழுதியவர் வேறு யாருமல்லர். லோப்பெஸின் சொந்த மைத்துனர், லூயிசாவின் உடன்பிறந்தார் பிரான்சேஸ்க் புரு. ‘நீங்கள் வணங்கும் இம்மனிதர் அடிமைகளை வாங்கி விற்றுச் செல்வம் சேர்த்தவர்’ என்பது அந்நூலின் குற்றச்சாட்டு.

மாணவ நண்பர்களே, இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். வரலாறு படிப்பவனுக்கு இதுவே சோதனையான இடம். மைத்துனருக்கு லோப்பெஸிடம் குடும்பச் சொத்துப் பற்றிய மனக்கசப்பு இருந்தது. பகை கொண்டவன் சொல்லும் சாட்சியத்தை அப்படியே ஏற்கலாமா? ஏற்கலாகாது. ஆனால் பகைவன் சொன்னான் என்பதற்காகவே தள்ளிவிடலாமா? அதுவும் ஆகாது. பகைவனுக்குப் பொய் சொல்லக் காரணம் உண்டு. நண்பனுக்கு உண்மையை மறைக்கக் காரணம் உண்டு. இருவரும் அல்லாத மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும். லோப்பெஸின் அன்பர்கள் நூறாண்டுக்கு மேலாக, ‘அது பொறாமைக்காரன் எழுதிய பொய்’ என்று சொல்லி அந்த நூலை ஒதுக்கி வந்தார்கள்.

அந்த மூன்றாவது சாட்சி பத்திர அலுவலகத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. கியூபாவில் அடிமை என்பவன் சட்டத்தின் கண்ணில் ஒரு சொத்து. நிலத்தை விற்றால் பத்திரம் எழுதுவதுபோல, மனிதனை விற்றாலும் பத்திரப் பதிவாளர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விற்பவர் யார், வாங்குபவர் யார், விற்கப்படுபவரின் பெயர் என்ன, வயது என்ன, விலை என்ன என்பன எல்லாம் அதில் இருக்கும். பார்சலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் மார்த்தின் ரோத்ரிகோ இ அல்ஹாரில்யா, கோமில்யாஸ் பிரபுக்களின் வரலாற்றை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். சாந்தியாகோ நகரத்துப் பத்திரங்களையும் அவர் புரட்டிப் பார்த்தார். அவற்றில் லோப்பெஸின் பெயர் இருந்தது. சாந்தியாகோவில் அவர் துணிக்கடை வணிகராக மட்டும் இருக்கவில்லை. அடிமைகளை வாங்கி விற்கும் வாணிகத்திலும் ஈடுபட்டிருந்தார். தீவின் கிழக்கில் வாங்கிய அடிமைகளை, கரும்புத் தோட்டங்கள் பெருகி விலை ஏறியிருந்த மேற்குப் பகுதிக்கு அனுப்பி விற்பது அவ்வாணிகத்தின் ஒரு முறை. தோட்டங்களையும், அவற்றில் உழைத்த அடிமைகளோடு சேர்த்தே, அவர் வாங்கினார், விற்றார்.

மைத்துனர் எழுதிய ஒவ்வொரு வரியும் இதனால் மெய்யாகிவிடாது. எனினும் அடிப்படைக் குற்றச்சாட்டு நிலைபெற்றுவிட்டது. உடைமையாளரின் உரிமையைக் காப்பதற்காக எழுதிவைத்த பத்திரங்கள், நூற்றைம்பது ஆண்டு கழிந்து அந்த உடைமையாளருக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. விற்கப்பட்டவர்கள் தம் கதையைத் தாமே எழுதிவைக்க வழியில்லை. அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு பெயரும் ஒரு வயதும் ஒரு விலையும்தான்.

‘அது அந்தக் காலத்து வழக்கம், இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்து அளவுகோல் எது? ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவது அவர் மூன்று வயதுக் குழந்தையாய் இருந்தபோதே சட்டத்தால் தடுக்கப்பட்டது. அந்தத் தடையை மீறி வந்தவர்களால்தான் கியூபாவின் அடிமைச் சந்தை நிரம்பியது. அவருடைய காலத்திலேயே, அவருடைய நாட்டிலேயே, அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று மேடையிலும் பத்திரிகையிலும் வாதாடியவர்கள் இருந்தார்கள். புவெர்த்தோ ரிக்கோவில் 1873-ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் இத்தகைய சீர்திருத்தங்களை எதிர்த்து அணிதிரண்ட வணிகர்களின் முன்வரிசையில் லோப்பெஸ் இருந்தார். ஆகவே அவர் அறியாமல் செய்தார் என்று சொல்ல இடமில்லை. வழக்கு அவர் காதில் விழுந்தது. அவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டார். கியூபாவில் அடிமை முறை முற்றும் ஒழிந்தது 1886-ஆம் ஆண்டில், அவர் மறைந்து மூன்றாண்டுக்குப் பின்.

அவர் விதைத்தவை பல வழிகளில் தொடர்ந்தன. மகன் கிளாவுதியோ லோப்பெஸ் புரு இரண்டாம் பிரபுவாகிக் கம்பெனியை நடத்தினார். அவர் காலத்தில் திராஸத்லாந்திகாவின் அஞ்சல் கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியே ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் துறைகளைத் தொட்டு மணிலாவுக்குச் சென்றன. பிலிப்பைன் மக்களின் விடுதலை வீரரான ஹொசே ரிசாலை 1896-ஆம் ஆண்டில் மணிலாவிலிருந்து ஸ்பெயினுக்கு ஏற்றிச் சென்ற ‘இஸ்லா தெ பனாய்’ என்பதும் இந்தக் கம்பெனியின் கப்பலே. அவ்வாண்டின் இறுதியில், மீண்டும் மணிலாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிலிப்பைன் புகையிலைக் கம்பெனி தார்லாக் மாநிலத்தில் பெருந்தோட்டம் ஒன்றை உருவாக்கி, அதற்கு லோப்பெஸின் மனைவி பெயரால் ‘அசியெந்தா லூயிசித்தா’ என்று பெயரிட்டது. 1958-ஆம் ஆண்டில் அது பிலிப்பைன் குடும்பம் ஒன்றின் கைக்கு மாறியது. அந்த நிலம் யாருக்கு உரியது என்னும் வழக்கு பல்லாண்டு நீடித்தது. 2004-ஆம் ஆண்டில் அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. நிலத்தை உழவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டில் இறுதியாக உறுதி செய்தது. பார்சலோனாவில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் பெயர், அவர் மறைந்து நூறாண்டுக்குப் பின்னும், உலகின் மறுகோடியில் உழவர்களின் நாவில் வழங்கி வந்தது.

லோப்பெஸின் பெயரால் கப்பல் ஒன்றும் இருந்தது. ‘அந்தோனியோ லோப்பெஸ்’ என்னும் எஃகுக் கப்பல் 1881-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் கட்டப்பட்டது. 1898-ஆம் ஆண்டில் ஸ்பெயினுக்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் போர் மூண்டபோது, அது போர்த்தளவாடங்களை ஏற்றிக்கொண்டு முற்றுகையைக் கடந்து புவெர்த்தோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்துக்குள் நுழைய முயன்றது. ஜூன் 28-ஆம் நாள் அமெரிக்கக் கப்பல் ஒன்று துரத்த, தொராதோ கரைக்கு அருகில் தரைதட்டி நின்றது. பின்னர் பீரங்கிக் குண்டுகளால் அழிந்தது. அந்த ஆண்டிலேயே கியூபாவும் புவெர்த்தோ ரிக்கோவும் பிலிப்பைனும் ஸ்பெயினின் கையைவிட்டுப் போயின. லோப்பெஸ் எந்த நாடுகளை நம்பித் தம் தொழிலைக் கட்டினாரோ, அந்த நாடுகள் போன ஆண்டிலேயே அவர் பெயர் தாங்கிய கப்பலும் போயிற்று. கடலடியில் கிடக்கும் அதன் சிதைவை அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

பார்சலோனாவில் சிலை இறங்கிவிட்டது. கோமில்யாஸ் ஊரிலோ, கடலை நோக்கிய மேட்டில், அவர் நினைவாக எழுப்பிய தூண் நிற்கிறது. ஓர் ஊருக்கு அவர் பள்ளியும் மாளிகையும் புகழும் கொண்டுவந்தவர். இன்னோர் ஊருக்கு அவர் மனிதரை விற்றுப் பெற்ற பொருளைக் கொண்டுவந்தவர். இரண்டு ஊர்களும் பேசுவது ஒரே மனிதரைப் பற்றித்தான். சிலை நிற்கலாமா, இறங்கலாமா என்பதை அந்தந்த ஊர் மக்கள் முடிவு செய்துகொள்வார்கள். அது அவர்களுடைய உரிமை. நாம் செய்ய வேண்டியது வேறு. சிலை நிற்கும்போதும் உண்மையைத் தேட வேண்டும். சிலை இறங்கிய பின்னும் தேடுவதை நிறுத்தலாகாது. சிலையை எடுத்துவிட்டதாலேயே கணக்குத் தீர்ந்துவிடாது. அவருடைய ஆற்றலை மறைத்துப் பேசினால் அதுவும் பொய். அவருடைய கைம்முதலை மறைத்துப் பேசினால் அதுவும் பொய். அன்று மாணவர் மன்றத்தில் நான் சொன்னது இரண்டாவது வகைப் பொய். தெரியாமல் சொன்னேன், ஆயினும் பொய் பொய்தான்.

தமிழில் ‘முதல்’ என்னும் சொல்லுக்குத் தொடக்கம் என்றும் பொருள். வாணிகத்தில் இடும் பணம் என்றும் பொருள். ஒரு செல்வரின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டுமானால் அவருடைய முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்பதை நம் மொழியே நமக்கு நினைவூட்டுகிறது. உழைப்பால் உயர்ந்தார் என்று ஒரு நூல் கூறினால், ‘யாருடைய உழைப்பால்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை கிடைக்கும்வரை ஏடுகளைப் புரட்டுங்கள். கடைசி வரிசையில் இருந்து கேள்வி கேட்ட அந்த மாணவனை நான் அதன்பின் சந்திக்கவில்லை. எங்கேனும் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவனுக்குச் சேர வேண்டிய விடை சற்றுத் தாமதமாகச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வானாக.